குளத்துக் கட்சியும் வீட்டுக் கட்சியும்

மாமியாருக்கு முட்டி பிடித்துக்கொண்டபோது டாக்டர் தண்ணீருக்குள் நடக்கச் சொன்னார். நடக்கத்தான் சொன்னார். மாமியாரோ முதல் வாரம் நடந்தார், அடுத்த மாதம் மிதந்தார், அந்த வருஷம் முடிவதற்குள் நகரசபை நீச்சல் குளத்தில் காலையில் நீந்தும் பெண்களுக்கெல்லாம் தலைவியாகிவிட்டார். அதுவரை வாளியில் மொண்டு ஊற்றிக்கொண்டதைத் தவிரத் தண்ணீரோடு எந்தச் சகவாசமும் இல்லாத மனுஷி. இப்போது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் 'குளத்தக்கா'. முட்டிவலி எங்கே போனதென்று அவருக்கே ஞாபகம் இல்லை.

மருமகள் ஆர்க்கிடெக்ட். அலுவலகத்தில் அவளுக்கு 'அட்டை மேடம்' என்று பெயர். எதை வரைந்தாலும் அட்டையில் வெட்டி ஒட்டி மாதிரி செய்து பார்ப்பதால் வந்த பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பிடித்தால் விடமாட்டாள் என்பதால் வந்த பெயர் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் குளத்தை மூடப்போகிறார்கள் என்ற செய்தியை மாமியாரிடம் முதலில் சொன்னது மருமகள்தான். சொல்லாமல் தீராது. மூடிவிட்டு அந்த இடத்தில் எழப்போகும் குடியிருப்பை வரையும் வேலை அவள் அலுவலகத்துக்குத்தான் வந்திருந்தது.

“அத்தை, ஒரு விஷயம் சொல்லணும். கத்தக் கூடாது.”

“கத்தாத விஷயம்னா நீ எதுக்கு இப்படி ஆரம்பிக்கிற?”

காலை நேரம். மேஜையில் மூன்று டீ டம்ளர். மருமகள் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். குளத்தின் கூரைத் தகரம் துருப்பிடித்துவிட்டது, குழாய்கள் ஒழுகுகின்றன, நகரசபையால் இனி ஒட்டுப்போட முடியாது, ஊரில் வீட்டுக்காகப் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம், குளத்து மனை பெரியது, நடு ஊரில் இருப்பது.

மாமியார் கத்தவில்லை. டம்ளரை மேஜையில் வைத்தார். அந்த 'டொக்' சத்தத்தில் மகன் நிமிர்ந்து பார்த்தான். அவன் பல் டாக்டர். யாருக்கு எங்கே வலிக்கிறது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பான்.

“நீ வரையப் போறியா?” என்றார் மாமியார்.

“எங்க ஆபீசுக்குத்தான் குடுத்திருக்காங்க அத்தை.”

“சரி, வரை. அது உன் வேலை. நான் அதை நிறுத்துறேன். அது என் வேலை.”

“பல்லு சம்பந்தமா யாருக்கும் எதுவும் இல்லையே?” என்றான் மகன். “அப்ப நான் கிளம்புறேன்.” பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினான்.

அன்று சாயங்காலமே மாமியார் சட்டம் போட்டுவிட்டார். வீட்டுக்குள் மாமியார், மருமகள். வாசலைத் தாண்டினால் நீ யாரோ, நான் யாரோ. “மருமக வரையறா, மாமியார் சும்மா வேஷம் கட்டுறான்னு ஒருத்தரும் என்னைப் பார்த்துச் சொல்லக் கூடாது. உன்னையும் சொல்லக் கூடாது.” மருமகள் நகரசபைத் தலைமைப் பொறியாளரிடம் மட்டும் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “எதிர்க்கிறவங்க கூட்டத்துல எல்லாருமே யாரோ ஒருத்தருக்கு மாமியார்தான் மேடம். நீங்க வேலையைப் பாருங்க” என்றார்.

அதன்பிறகு வேடிக்கைதான். இரண்டு பேரும் ஒரே நிறுத்தத்தில் பஸ் ஏறுவார்கள். மாமியார் முன்பக்கம், மருமகள் பின்பக்கம். மாமியாரின் கைப்பையில் 'குளத்தை மூடாதே' என்று துணியில் வரைந்த வில்லைகள் கட்டுக்கட்டாக இருக்கும். அந்தத் துணியை வட்ட அட்டையில் ஒட்டும் பசை தீர்ந்துபோனால் மருமகளின் மேஜையிலிருந்து எடுத்துக்கொள்வார். “அட்டை ஒட்டுற பசை நல்லாத்தான் பிடிக்குது” என்று ஒருநாள் பாராட்டு வேறு.

முதல் கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. மேடையில் தலைமைப் பொறியாளரும் மருமகளும். முன்வரிசை முழுக்கக் குளத்துப் பெண்கள், நெஞ்சில் வில்லையோடு. இடப்பக்கம் வீட்டுக்குப் பதிந்திருந்த குடும்பங்கள். மாமியார் ஒலிவாங்கியைப் பிடித்தார் என்றால், பிடித்தவர் பிடித்ததுதான்.

“ஆர்க்கிடெக்ட் அம்மாவுக்கு வணக்கம்” என்று ஆரம்பித்தார். மருமகளுக்குச் சிரிப்பை அடக்கக் கன்னத்தை உள்ளே கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. “நீங்க நல்லாப் படிச்சவங்க, நல்லா வரைவீங்க. ஆனா எங்களைக் கேட்டீங்களா? இந்த ஊர்ல எங்களுக்குன்னு இருக்கிறது அந்த ஒரு இடம்தான். அங்க எங்களை யாரும் அம்மான்னு கூப்பிட மாட்டாங்க, ஏங்கன்னு கூப்பிட மாட்டாங்க, சாவி எங்க, சாக்ஸ் எங்கன்னு கேக்க மாட்டாங்க. தலையைத் தண்ணிக்குள்ள விட்டா ஒரு சத்தமும் கேக்காது. அந்த இடத்தைத்தான் நீங்க மண்ணைக் கொட்டி மூடப் பாக்கறீங்க!”

முன்வரிசை கைதட்டி அதிரவைத்தது. மருமகளுக்கும் கை தட்டலாம்போல் இருந்தது.

அப்போது இடப்பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். நடுத்தர வயது, கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கடையிலிருந்து அப்படியே வந்திருக்க வேண்டும். ஒலிவாங்கியை நீட்டியபோது வேண்டாமென்று தலையாட்டினாள். அவள் குரலுக்கு அது தேவைப்படவில்லை.

“நான் தையல்காரிங்க. நானும் வீட்டுக்காரரும் ரெண்டு பொண்ணுங்களும் ஒரே ரூம்ல இருக்கோம். தையல் மிஷினை வெளிய நகர்த்தினாத்தான் பாய் விரிக்க முடியும். மழை பேஞ்சா மிஷின் உள்ள, நாங்க சுவரோட சுவரா. பெரியவ மிஷின் மேலதான் பரீட்சைக்குப் படிக்கிறா. அம்மா, உங்க குளம் போகணும்னு சொல்ல நான் வரல. ஒண்ணு மட்டும் கேக்கறேன். எனக்கு ஒரு வீடு வேணும்னு நான் கேட்டா, நான் எப்படி உங்களுக்கு எதிரி ஆனேன்?”

மாமியார் ஒலிவாங்கியைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து மருமகள் பார்த்திராத காட்சி அது: மாமியார் பிடித்ததைத் தானாக விட்டார்.

அந்த நேரம் பார்த்து மண்டபக் கதவு திறந்தது. பல் டாக்டர், வேர்த்து விறுவிறுக்க.

“அம்மா! கண்ணாடியை விட்டுட்டு வந்துட்ட. இதில்லாம எழுதி வச்சதை எப்படிப் படிப்ப?” முன்வரிசைக்குப் போய்க் கண்ணாடியைக் கொடுத்தான். மேடையை நிமிர்ந்து பார்த்தான். “நீயும்தான். டிபன் டப்பாவை விட்டுட்டு வந்திருக்க. ரெண்டு பேரும் ஒரே மேஜையில, பக்கத்துப் பக்கத்துல. பொருளை மறக்கறதுல மட்டும் என்ன ஒத்துமை!”

மேடை ஓரத்தில் டப்பாவை வைத்த பிறகுதான் சுற்றிலும் இருந்த அமைதி அவனுக்கு உறைத்தது. தலைமைப் பொறியாளர் மேஜை விரிப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகளுக்கு முகம் சிவந்து காது மடல்வரை சுட்டது. மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மகனை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் பல்லெல்லாம் தானாகக் கழன்று விழும்.

முதலில் சிரித்தது தையல்காரிதான். அப்புறம் முன்வரிசை. அப்புறம் மண்டபமே. பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்: “ஒரே வீட்டுக்குள்ள குளத்துக் கட்சியும் வீட்டுக் கட்சியும் சேந்து குடித்தனம் பண்ணுதுன்னா, ஒரே மனையில ஏன் பண்ணக் கூடாது?”

வேடிக்கைக்குச் சொன்னதுதான். எல்லோரும் இன்னொரு முறை சிரித்தார்கள். மருமகள் மட்டும் சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் பொறியாளரை நடைவழியில் பிடித்தாள். “சார், ஏன் கூடாது? குளமும் இருக்கட்டும், வீடும் வரட்டும்.”

“விளையாடறீங்களா? குளத்துக் காத்து எப்பவும் ஈரம். பக்கத்துல வீட்டை வச்சா ரெண்டே மழையில சுவரெல்லாம் பூஞ்சை பூத்துடும். அப்புறம் அந்த ஜனங்க என்னைத்தான் திட்டுவாங்க.”

“அதுக்கு வழி சொன்னா?”

“வீட்டு எண்ணிக்கை குறையக் கூடாது. ஒண்ணு குறைஞ்சாலும் நான் அந்தத் தையல்கார அம்மா முகத்துல முழிக்க மாட்டேன்.”

“குறையாதுன்னு காட்டினா?”

பொறியாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அட்டை மேடம் என்ற பெயர் அவர் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். “அடுத்த கூட்டத்துக்குள்ள காட்டுங்க” என்றார்.

அன்று வீட்டில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்று மகன் பயந்துகொண்டிருந்தான். மாமியார் கை கழுவும்போது சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “அந்தப் பொண்ணை ஒருநாள் வீட்டுக்கு வரச் சொல்லு. தைக்கறவளை.”

அதன்பிறகு சாப்பாட்டு மேஜையில் சாப்பாட்டுக்கு இடமில்லாமல் போயிற்று. மருமகள் குளத்துக்கு நீலத் தாளும் வீடுகளுக்கு வெள்ளை அட்டையும் வெட்டி அடுக்கினாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். தையல்காரி கடையை மூடிவிட்டு வருவாள். மாமியாருக்கும் அவளுக்கும் நடுவில் அட்டைக் கட்டடம். முதல் இரண்டு நாள் மரியாதையாகப் பேசினார்கள். மூன்றாவது நாள் உறவு பலப்பட்டுச் சண்டை ஆரம்பித்தது.

முதல் மாதிரியில் குளம் தரைக்குக் கீழே, வீடுகள் அதன் மேலே.

“இதென்ன, கிணத்துல இறங்கி நீந்தச் சொல்றியா?” என்றார் மாமியார். “வெளிச்சம் எங்கம்மா? காலையில வெயில் தண்ணியில விழுந்து உடையறதைப் பாக்கத்தானே அத்தனை பேரும் எழுந்திரிச்சு வர்றோம்.”

அடுத்த மாதிரியில் குளம் நடுவில் திறந்தவெளியில், மூன்று பக்கமும் வீடுகள்.

“சர்க்கஸ் பாக்கறாப்பல எல்லாரும் பால்கனியில உக்காந்து எங்களைப் பாக்கட்டும்னா? எங்க கூட்டத்துல பாதிப் பேர் யாரும் பாக்க மாட்டாங்கன்ற தைரியத்துலதான் தண்ணியிலயே இறங்கறாங்க.”

அதற்கடுத்ததில் குளத்தைப் பார்க்கும் பக்கமெல்லாம் ஜன்னலில்லாத சுவர். மாமியாருக்கு உச்சி குளிர்ந்தது. தையல்காரி மாதிரியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

“பெரியம்மா, நீங்க மறைவா நீந்தறதுக்கு நாங்க இருட்டுல இருக்கணுமா? நான் தைக்கிறவ. ஊசியில நூல் கோக்கற வெளிச்சம் கூட இல்லாத வீட்டை வச்சு நான் என்ன பண்றது?”

“அதுவும் நியாயம்தான்” என்று மாமியார் முனகினார். முனகியதே பெரிது.

“ஜன்னல் இருக்கணும், ஆனா பாக்கக் கூடாது. வெளிச்சம் வரணும், ஆனா கண்ணு வரக் கூடாது” என்றாள் மருமகள், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே. மகன் மடியில் தட்டோடு, “இதைவிட வாயைத் திறக்காம பல்லைக் காட்டுன்னு சொல்லலாம்” என்றான்.

அன்று தையல்காரி போனபிறகு மாமியார் கேட்டார். “இத்தனை வரைஞ்சியே, ஒரு தடவையாவது அந்தத் தண்ணியில இறங்கிப் பாத்தியா?”

இறங்கியதில்லை. அளந்திருக்கிறாள், படம் எடுத்திருக்கிறாள், துருவைச் சுரண்டிப் பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலை மாமியாரோடு கிளம்பினாள். இந்தத் தடவை பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே இருக்கை. குளத்துக்குள் நுழைந்ததும் பெண்கள் எல்லோரும் “ஆர்க்கிடெக்ட் அம்மாவுக்கு வணக்கம்” என்று மாமியாரின் குரலிலேயே இழுத்தார்கள். மாமியார் ஆழம் குறைந்த பக்கத்தில் இறங்கி நின்று, “மெதுவா வா, பயப்படாதே, இந்தக் கம்பியைப் பிடிச்சுக்கோ” என்று கையை நீட்டினார்.

மருமகள் கம்பியையும் பிடிக்கவில்லை, கையையும் பிடிக்கவில்லை. ஆழமான பக்கத்துக்கு நடந்துபோய், விளிம்பில் நின்று, தலைகீழாகப் பாய்ந்தாள். சத்தமே வராத பாய்ச்சல். குளத்தின் அந்தக் கோடியில் போய்த்தான் தலை வெளியே வந்தது.

“அடிப்பாவி!” என்றார் மாமியார். “இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே!”

“கல்லூரியில போட்டிக்கெல்லாம் போயிருக்கேன் அத்தை. அப்புறம் நேரமே கிடைக்கல. நீங்களும் கேக்கல.”

மாமியாருக்குக் கோபம் வரவில்லை. சுற்றியிருந்தவர்களிடம், “என் மருமக” என்றார். குளத்துக்குள் வாசல் சட்டம் செல்லுபடியாகாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்போலும்.

மருமகள் மறுபடி நீந்தினாள். மறந்துவிட்டது என்று நினைத்திருந்தாள். தோளுக்கும் காலுக்கும் மறக்கவில்லை. எதற்காக வந்தோம் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று. மூச்சு வாங்கியதும் மல்லாந்து மிதந்தாள். காதுக்குள் தண்ணீர் புகுந்து, பேச்சும் சிரிப்பும் தூரமாகி, மாமியார் மண்டபத்தில் சொன்ன அந்த அமைதி வந்தது.

மேலே கூரை. தகரம் முழுக்கத் துரு. ஒரு வரிசை மட்டும் காற்றில் கழன்று, மூடியைப் பாதி திறந்ததுபோல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த இடைவெளி வழியாக வெயில் சரிந்து இறங்கித் தண்ணீரில் விழுந்து, சுவரெல்லாம் நெளிந்தது. மருமகள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அந்த இடைவெளியில் வானம் மட்டும்தான் தெரிந்தது. பின்பக்கத்துக் கட்டடம் எத்தனை மாடி என்று அவளுக்குத் தெரியும். அதில் ஒரு செங்கல் கூடத் தெரியவில்லை.

நமக்கு அது தெரியவில்லை என்றால், அங்கே நிற்பவருக்கு நாமும் தெரிய மாட்டோம்.

தண்ணீரிலேயே நிமிர்ந்து நின்றாள். மூக்கில் தண்ணீர் ஏறியது. இருமிக்கொண்டே, “அத்தை! கூரை! கூரையை இப்படி வைக்கணும்!” என்று இரண்டு கைகளாலும் காற்றில் படிக்கட்டுபோல் எதையோ வரைந்தாள். பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் எல்லோரும் கைதட்டினார்கள்.

சோதித்துப் பார்க்காமல் அட்டை மேடம் எதையும் நம்ப மாட்டாள். பொறியாளரைக் கெஞ்சி, இரண்டு வேலையாட்களை வைத்து, கூரைத் தகரங்களை வரிசை வரிசையாக ரோட்டைப் பார்த்த பக்கம் மட்டும் தூக்கி மரக்கட்டை முட்டுக் கொடுத்தாள். ரோட்டுக்கு எதிரே தாழ்வான பள்ளிக்கூடம்தான். அங்கிருந்து யாரும் எட்டிப் பார்க்க முடியாது. வீடுகள் பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டிலும் வரும். அங்கிருந்து பார்த்தால் தகரத்தின் முதுகு மட்டும் தெரிய வேண்டும். தெரிகிறதா?

தையல்காரி கையில் போனோடு பின்பக்கத்துக் கட்டட மாடிக்கு அனுப்பப்பட்டாள். மாமியார் தண்ணீரில் நின்று, ஒரு பெரிய சிவப்புத் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினார். மருமகள் விளிம்பில் நின்று போனில் கத்தினாள்: “என்ன தெரியுது?”

“தகரம்!”

“அப்புறம்?”

“தகரம்தான்! அந்தத் தகரத்து மேல ஒரு பூனை தூங்குது!”

குளத்துக்குள் ஒரே ஆரவாரம். தையல்காரி அங்கிருந்து இறங்கிப் பக்கத்துக் கட்டட மாடிக்கு ஏறினாள். அவள் குரல் மூச்சிரைப்போடு வந்தது.

“மேடம்... இங்கருந்து பாத்தா... சிவப்பா ஏதோ ஆடுது!”

“ஐயோ!” என்று மாமியார் துண்டோடு தண்ணீருக்குள் முங்கிவிட்டார்.

முகங்கள் தொங்கிப்போயின. மருமகள் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு இடைவெளியையே பார்த்தாள். பக்கவாட்டிலிருந்து சாய்வாகப் பார்க்கும் கண்ணுக்குக் குறுக்கே ஏதாவது நின்றால் போதும். உடை மாற்றும் அறையின் பழைய கதவொன்று சுவரில் சாய்ந்திருந்தது. அதை வேலையாட்கள் மேலே தூக்கி, இடைவெளியில் செங்குத்தாக நிறுத்திப் பிடித்தார்கள்.

“இப்ப?”

போனில் சத்தமில்லை.

“ஏம்மா, இருக்கியா? இப்ப என்ன தெரியுது?”

“கதவு தெரியுது!” தையல்காரி சிரிக்கும் சத்தம் போன் இல்லாமலே தெருவைத் தாண்டி வந்தது. “கதவு மட்டும்தான்! பெரியம்மா, நீங்க என்ன ஆட்டம் வேணா ஆடுங்க!”

மாமியார் ஆடினார். இடுப்பளவு தண்ணீரில், துண்டைச் சுழற்றிக்கொண்டு. தகரத்தைத் தூக்கிய பக்கத்து இடைவெளிக்கெல்லாம் நல்ல கண்ணாடி வரும், கதவு நின்ற இடத்தில் மறைப்புப் பலகைகள் வரும். வெளிச்சம் வரும், கண் வராது.

பொறியாளர் வரைபடத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தன் பேனாவை எடுத்தார். அது நல்ல அறிகுறி. குளத்துச் சுவருக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்குக் காற்றோட்டமான சந்து விடச் சொன்னார், ஈரம் தாண்டாது. அப்புறம் அவருக்கே உற்சாகம் பிறந்துவிட்டது. குளத்து வெதுவெதுப்பான ஈரக்காற்றை வெளியே தள்ளி வீணாக்குவதற்குப் பதிலாக, அதிலிருக்கும் சூட்டை இயந்திரத்தால் பிடித்து வீடுகளுக்கு வெந்நீராகக் கொடுக்கலாம் என்றார். “அத்தனை வீட்டுக் குளியலறைக்கும் மேடம்! நீந்தறவங்க நீந்த நீந்த, இவங்களுக்கு வெந்நீர்!” என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். பிறகு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “எல்லாம் சரி. ஆனா வீடு குறையுதே.”

குறைந்தது. மேலே ஒரு மாடி ஏற்றிய பிறகும் நான்கு குடும்பத்துக்கு இடமில்லை. மருமகள் சுவரை நகர்த்திப் பார்த்தாள், படிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். அட்டைத் துண்டுகள் தரையெங்கும் சிதறின. ஒரு மூலைக்கு மட்டும் அவள் கத்தரிக்கோல் போகவே இல்லை. குளத்துக்குப் பக்கத்திலிருந்த புல்தரை அது. நீந்தி முடித்த பெண்கள் ஈரத்தலையோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் இடம். நீந்தும் நேரத்தைவிட அங்கே உட்காரும் நேரம்தான் அதிகம் என்று மகன் கேலி செய்வான்.

மாமியார் அறைக்குள் வந்து மாதிரியைக் குனிந்து பார்த்தார். அந்தப் பச்சைத் தாளின் மேல் விரலை வைத்தார்.

“இதை ஏன் விட்டு வச்சிருக்க?”

“அது உங்க இடம் அத்தை.”

“அந்தத் தைக்கிறவ வெளிச்சம் கேட்டா, நீ குடுத்த. நாங்க மறைப்பு கேட்டோம், நீ குடுத்த. கடைசியில எங்க அரட்டைக்காக நாலு குடும்பம் தெருவில நிக்கணுமா? எடு.” பச்சைத் தாளைத் தானே பிய்த்து மருமகள் கையில் கொடுத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எங்க கூட்டத்துக்கு நானே சொல்லிக்கிறேன். நாக்கு மேல பல்லைப் போட்டு என்னை ஏசுவாளுங்க. பரவாயில்ல.”

இரண்டாவது கூட்டத்தில் மாதிரியை மண்டபத்தின் நடுவில் வைத்தார்கள். ஜனம் சுற்றி நின்று, குனிந்து, ஜன்னல்களுக்குள் விரலை விட்டுப் பார்த்தது. எல்லாம் சுமுகமாக முடியப்போகிறது என்று மருமகள் நினைத்த நேரத்தில் மாமியார் எழுந்தார். நெஞ்சில் அதே வில்லை.

“ஆர்க்கிடெக்ட் அம்மாவுக்கு ஒரு கேள்வி. கட்டி முடிக்கிற வரைக்கும் நாங்க எங்க நீந்தறது?”

வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை! மருமகள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் கண்ணில் குறும்பு கூட இல்லை, நிஜமான கேள்வி.

“மழைக்காலம் முடியற வரைக்கும் இதே குளம் திறந்திருக்கும். பின்பக்க வீடுங்களை முதல்ல கட்டுவோம். கூரை மாத்தற காலத்துக்கு மட்டும் மூடித்தான் ஆகணும். அதுக்கு வேற வழி எனக்குத் தெரியல. தெரியும்னு சொன்னா அது பொய்.”

மாமியார் கொஞ்சம் யோசித்தார். “பொய் சொல்லல. சரி, ஒத்துக்கறோம்” என்று உட்கார்ந்தார். முதலில் கை தூக்கியது தையல்காரியின் பக்கம். உடனே முன்வரிசையும் தூக்கியது. பல் டாக்டர் இரண்டு கையையும் தூக்கினான்.

கட்டடம் எழுந்த கதையைச் சொன்னால் நீளும். சிமெண்ட் வரவில்லை, கண்ணாடி தப்பான அளவில் வந்தது, ஒரு மழைக்காலம் இரண்டானது. கூரை மாற்றிய மாதங்களில் மாமியாருக்கு முட்டி மறுபடி பிடித்துக்கொண்டது. வீட்டில் எல்லோரும் அவர் வாய்க்குப் பயந்து வாழ்ந்தார்கள். ஆனாலும் ஒரு நாள் எல்லாம் முடிந்தது.

தையல்காரிக்குப் பின்பக்கத்தில் மூன்றாவது மாடி. குடிபுகுந்த அன்று மிஷினை ஜன்னலோரம் வைத்துவிட்டு, பாயை நடு அறையில் விரித்து, இரண்டுக்கும் நடுவில் சும்மாவே இங்குமங்கும் நடந்தாளாம். பெண்கள் இரண்டு பேரும் அவளுக்குப் பின்னால் நடந்தார்களாம். சில வாரத்தில் அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. புதுக் குடியிருப்பில் தண்ணீரில் இறங்க ஆசைப்பட்டும் கடையில் விற்கும் குட்டை நீச்சலுடையைப் பார்த்துத் தயங்கிய பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு முழங்கை மறைத்து, முழங்கால் மறைத்து, தண்ணீரில் உப்பிக்கொள்ளாத துணியில் அவள் உடை தைத்துக் கொடுத்தாள். முதலில் தனக்குத்தான் தைத்துக்கொண்டாள். அதைப் போட்டுக்கொண்டு அவள் முதன்முதலாகக் குளத்தில் இறங்கிய காலை, மருமகளும் மாமியாரும் இரண்டு பக்கமும் நின்றார்கள். அவள் பிடித்த பிடியில் இரண்டு பேருக்கும் மணிக்கட்டு கன்றிப்போனது. கொஞ்ச நேரத்தில் பிடியை விட்டாள். மிதந்தாள். மேலே கண்ணாடி வரிசை வரிசையாகக் காலை வெளிச்சத்தை இறக்கிக்கொண்டிருந்தது. “வீட்டை விட இங்க வெளிச்சம் நல்லா இருக்கே, இதை ஏன் எனக்கு முதல்லயே சொல்லல?” என்று கத்தினாள். எல்லோரும் சிரித்த சிரிப்பில் அவள் முங்கி, தண்ணீர் குடித்து, எழுந்து, மறுபடி சிரித்தாள்.

மருமகள் விளிம்பில் ஏறி உட்கார்ந்து இதையெல்லாம் நெஞ்சு நிறையப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு மேல் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றுகூடத் தோன்றியது.

“ஏம்மா!” உடை மாற்றும் அறையிலிருந்து மாமியாரின் குரல். “இங்க வா!”

போனாள். உள்ளே பெண்கள் எல்லோரும் ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். புதுச் சுவர், பால்போல் வெள்ளை, வழவழவென்று. மாமியார் அதைத் தடவிக் காட்டினார்.

“கூரையை யோசிச்ச, காத்தை யோசிச்ச, வெந்நீரை யோசிச்ச. ஒரு துண்டு மாட்ட ஒரு கொக்கி யோசிச்சியா?”

மருமகள் சுவரைப் பார்த்தாள். ஒன்றுகூட இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு ஆணியும் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு பையிலிருந்து பென்சிலை எடுத்தாள்.

“எல்லாரும் வரிசையா சுவரோட நில்லுங்க. கையைத் தூக்குங்க. வலிக்காம எட்டற வரைக்கும் போதும்.”

நெட்டை, குட்டை, முட்டிவலிக்காரி, முதுகு பிடித்தவள், தையல்காரி, அவள் பின்னாலேயே ஈரம் சொட்டச் சொட்ட ஓடிவந்த இரண்டு பெண்கள், எல்லோரும் வரிசையில் நின்று கையைத் தூக்கினார்கள். மருமகள் ஒவ்வொரு விரல்நுனியிலும் ஒரு கோடு போட்டுக்கொண்டே போனாள். “எனக்கு இன்னும் கொஞ்சம் மேல!” என்று குதிகாலை உயர்த்தினார் மாமியார்.

“ஏமாத்தக் கூடாது அத்தை. கால் தரையில இருக்கணும்.”